மெஷின் ஓசி, ஸ்டிரிப்தான் செலவு

மருந்துக்கடை அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். வீட்டிலேயே பார்க்க மெஷின் வாங்கப் போனால் ஒன்று 500 ரூபாய், இன்னொன்று 1,200 என்கிறார்கள். மலிவானது சரியாகக் காட்டுமா?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: மெஷின் விலையை விடுங்கள் தாயி. அது ஒரு தடவைச் செலவு. கம்பெனிக்காரன் மெஷினைச் சலுகையில் தூக்கிக் கொடுப்பதே, வருஷம் முழுக்க ஸ்டிரிப்பில் (ஒவ்வொரு தடவையும் ரத்தச் சொட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடும் பட்டை) எடுத்துக்கொள்ளத்தான். கடையில் போய் நின்றதும் கேட்க வேண்டியது, "இதோட ஸ்டிரிப் 50 இருக்கிற டப்பா என்ன விலை?" என்பதைத்தான். வாரத்துக்கு நாலு தடவை பார்த்தால் வருஷத்துக்கு 200 சொச்சம் ஸ்டிரிப் ஆகும். ஒன்று 12 ரூபாய் என்றால் 2,500 ரூபாய். 24 என்றால் 5,000. மெஷினில் மிச்சம் பிடித்த 700 ரூபாய் அதில் எங்கே போனது என்றே தெரியாது. 2025 செப்டம்பர் 22 முதல் ஸ்டிரிப்புக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையைச் சொன்னால் பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, சரியாகக் காட்டுமா என்பது. டப்பாவிலோ உள்ளே இருக்கும் தாளிலோ 'ஐஎஸ்ஓ 15197:2013' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சர்க்கரை மெஷினுக்கான உலகத் தர விதி அது. அந்த விதிப்படி, உண்மையான சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் 15 புள்ளிக்குள்ளும், 100க்கு மேலே இருந்தால் 15 சதவீதத்துக்குள்ளும், நூற்றுக்கு 95 தடவையாவது மெஷின் காட்ட வேண்டும். அதாவது ரத்தத்தில் 200 இருக்கும்போது மெஷின் 170 காட்டினாலும் சரி, 230 காட்டினாலும் சரி, அது பாஸ். இது தெரியாமல் அடுத்தடுத்து இரண்டு விரலில் குத்தி, "182 காட்டுது, 196 காட்டுது, மெஷின் கோளாறு" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கோளாறு ஒன்றுமில்லை, ஒரு ஸ்டிரிப் வீண், அவ்வளவுதான். விலை குறைந்ததிலும் இந்த விதிக்குள் நிற்பவை இருக்கின்றன. விலை கூடினதாலேயே துல்லியம் கூடிவிடாது.

உங்கள் மெஷினை நீங்களே சோதிக்கலாம். லேப்பில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்கும் நாளில் மெஷினையும் கையோடு கொண்டுபோங்கள். நரம்பில் ரத்தம் எடுத்த கையோடு விரலிலும் குத்திப் பார்த்து, எண்ணை எழுதி வைத்துக்கொண்டு ரிசல்ட் வந்ததும் ஒப்பிடுங்கள். சாப்பிட்ட பிறகு ஒப்பிட வேண்டாம். அப்போது விரல் ரத்தத்தில் நரம்பு ரத்தத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். இரண்டு தடவை ஒப்பிட்டும் 15 சதவீதத்துக்கு மேல் தள்ளி நின்றால் வேறு மெஷின் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் பல மெஷின்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். அதனால் மாமியாருக்கு ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டிரிப் டப்பாவை மேசையில் திறந்து போட்டுவிட்டு டிவி பார்க்கிற வீடுகள் எத்தனையோ. ஈரத்தை உறிஞ்சும் மருந்து அந்த டப்பாவுக்குள்ளேதான் இருக்கிறது; ஒன்றை எடுத்ததும் 'டக்' என்று சத்தம் வர மூட வேண்டும். சில கம்பெனி ஸ்டிரிப்பைத் திறந்து மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், சிலதை ஆறு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். லேபிளில் பார்த்து, திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள். கம்மியாகப் பார்க்கிறவர்கள் ஸ்டிரிப் 25 இருக்கிற டப்பா வாங்குவதுதான் லாபம். பிரிட்ஜும் வேண்டாம், அடுப்பு மேடையும் வேண்டாம். ஆன்லைனில் பாதி விலைக்கு வந்தால் முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

வயசானவருக்குக் கை நடுங்கும், ரத்தம் பத்தாமல் 'எரர்' வந்து ஸ்டிரிப் போகும். கான்டூர் பிளஸ் போன்ற சில மெஷினில் உடனே அதே ஸ்டிரிப்பில் இன்னொரு சொட்டு தொடலாம். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஸ்டிரிப்புக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ இறக்கிவிடக்கூடிய மாத்திரை. வேர்த்து, படபடத்து வந்தால் அந்த நேரம் ஸ்டிரிப் செலவைப் பார்க்காதீர்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மெஷின் கைக்கு எட்டவில்லையா, சீனித் தண்ணீரை முதலில் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: மெட்ஃபார்மின் மட்டும்தான் சாப்பிடுகிறேன். தினம் மூன்று வேளை பார்ப்பதில் பென்ஷன் கரைகிறது. ஸ்டிரிப்பை நெடுக்காக இரண்டாக வெட்டலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: வெட்டாதீர்கள் பெரியவரே. நிறம் மாறுவதைக் கண்ணால் அட்டையோடு ஒப்பிட்ட காலத்தில் வெட்டியிருக்கிறார்கள். இப்போது பெரும்பாலான ஸ்டிரிப்பில் இருப்பது மின்கம்பிக் கோடுகள். வெட்டினால் இரண்டு துண்டும் குப்பை. உங்கள் மாத்திரைக்குத் தினம் மூன்று வேளை எதற்கு? டாக்டரிடம் கேட்டுவிட்டு, வாரத்தில் ஒரு நாள் ஒரு சாப்பாட்டுக்கு முன்னும் இரண்டு மணி நேரம் கழித்தும் பாருங்கள். ஒரு வாரம் இட்லி, அடுத்த வாரம் மத்தியானச் சோறு என்று மாற்றிப் பார்த்தால் எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று பிடிபடும். மூன்று மாதச் சராசரிக்கு எச்பிஏ1சி என்ற லேப் டெஸ்ட் இருக்கிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' பெண்கள் உங்கள் தெருவுக்கு வந்தால் அவர்களிடமும் பார்த்துக்கொள்ளலாம், காசில்லை.

கேள்வி: காலையில் 118. பதினொரு மணிக்கு மாம்பழம் நறுக்கிக்கொண்டே சும்மா பார்த்தேன், 290! ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை.
- வாசகி, தென்காசி

பதில்: விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றை மெஷின் அளந்திருக்கிறது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் பழச்சாறு முழுசாகப் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். விரலைப் பிழிந்து எடுக்காமல், கையைத் தொங்கப்போட்டு உதறிவிட்டு நுனியின் ஓரத்தில் குத்துங்கள். அப்போதும் 250க்கு மேல் நின்றால் டாக்டரைப் பாருங்கள்.