கிறிஸ்தவத் தன்னார்வலராக ஆப்பிரிக்காவுக்குச் செல்லவிருக்கிறேன். பாம்பு, முதலைகளை நினைத்துப் பயப்படுவது விசுவாசக் குறைவா?

அநேகமாக நீங்கள் முதன்முறையாக வெளிநாடு செல்கிறீர்கள் என்றும், சபையில் யாரோ ஒருவர் "கர்த்தர் பார்த்துக்கொள்வார், இதையெல்லாம் யோசிக்கலாமா?" என்று சொல்லி உங்கள் வாயை அடைத்துவிட்டார் என்றும் நினைக்கிறேன். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. மலாவி நாட்டின் தெற்கே, ஷைர் ஆறு பாயும் சிக்வாவா மாவட்டத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு கற்பித்தேன். அந்த ஆற்றில் நைல் முதலைகள் உண்டு. மீன் பிடிக்கவும் தண்ணீர் மொள்ளவும் போகிறவர்களை அவை இழுத்துச் செல்வதுண்டு. நீர்யானை இரவில் மேய்வதற்குக் கரையேறும். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே போய் நிற்கக் கூடாது. ஆயினும் கைப்பம்பு உள்ள பள்ளி வளாகத்தில் தங்குகிறவருக்கு ஆற்றங்கரையில் வேலையே இல்லை. அவர் கவனிக்க வேண்டியது பாம்பைத்தான்.

மழைக்காலம் தொடங்கியிருந்த ஓர் இரவில், மின்சாரம் இல்லாத நேரத்தில், ஜெபக்கூட்டம் முடிந்து குடியிருப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பள்ளியின் இரவுக் காவலாளியான பெரியவர் கையில் கம்புடன் எனக்கு அரை அடி முன்னால் நடந்தார். திடீரென்று அவருடைய இடது கை என் மார்பின் குறுக்கே நீண்டு என்னைப் பின்னால் தள்ளியது. சைக்கிள் டியூபிலிருந்து காற்று பீறிடுவது போன்ற சீறலைக் கேட்டேன். டார்ச் வெளிச்சத்தில், காய்ந்த இலைகளுக்கு நடுவே, முன்கை பருமனுக்கு ஒரு பாம்பு. பழுப்பு முதுகில் அம்புமுனை போல வளைந்த கறுப்புப் பட்டைகள். அது பஃப் ஆடர் என்னும் ஆப்பிரிக்க விரியன். காலடிச் சத்தம் கேட்டாலும் விலகி ஓடாமல், தன் நிறத்தை நம்பி அசையாமல் கிடக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதனாலேயே பலர் அதை மிதித்துவிடுகிறார்கள். என்னைத் தள்ளிய வேகத்தில் பெரியவரின் கால் அதன் அருகே ஊன்றியது. கணுக்காலுக்குச் சற்று மேலே கடித்துவிட்டது.

அவர் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "நீங்கள் நலமா?" என்று கேட்டார்.

ஓடிவந்தவர்களில் ஒருவர் முழங்காலுக்குக் கீழே துணியால் இறுக்கிக் கட்டினார். வளாகத்தில் குடியிருந்த செவிலியர் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கட்டை அவிழ்த்தார். கீறவோ உறிஞ்சவோ யாரையும் விடவில்லை. இந்த விரியனின் விஷம் முக்கியமாகக் கடித்த இடத்துச் சதையை அழிக்கிறது. இறுக்கிக் கட்டினால் அந்தச் சேதம் இன்னும் மோசமாகும். காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பிக்கப் வண்டியில் மாவட்ட மருத்துவமனைக்குப் போனோம். தலைமையாசிரியர் வழியெல்லாம் சத்தமாக ஜெபித்தார், நானும் ஜெபித்தேன். போய்ச் சேருவதற்குள் வீக்கம் முழங்காலை எட்டி, தோல் மினுமினுத்து, கொப்புளங்கள் எழும்பியிருந்தன. தென்னாப்பிரிக்காவில் தயாரான விஷமுறிவு மருந்து அன்று அங்கே இருந்தது. அந்த மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டே ஏற்றினார்கள். பெரியவர் பிழைத்தார். கணுக்காலைச் சுற்றியிருந்த சதை அழுகியதால் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு அவர் சற்றுச் சாய்ந்தே நடந்தார்.

இதை நான் விவரமாக எழுதி, என்னை அனுப்பிய அமைப்புக்கு அனுப்பினேன். அவர்களுடைய செய்திமடலில் வந்தது வேறு. "பாதம் கல்லில் இடறாதபடி" தேவதூதர்கள் நம் சகோதரனைத் தாங்கினார்கள் என்று 91ஆம் சங்கீதத்தோடு என் புகைப்படம் வந்தது. பெரியவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, சாட்சி சுருக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். தேவன் என்னைக் காத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதை வாசித்துவிட்டு என்னை விசுவாசமற்றவன் என்று எழுதப்போகிறவர்கள் இந்த வரியைத் தயவுசெய்து மறுபடி வாசிக்கவும். அவர் எந்த மனிதனைக் கொண்டு காத்தாரோ அந்த மனிதனை அழித்துவிட்டு எழுதுவது எப்படிச் சாட்சியாகும் என்பதுதான் என் கேள்வி. இயேசுவைச் சோதித்தபோது சாத்தான் எடுத்துக்காட்டியதும் இதே சங்கீதத்தைத்தான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பது அதற்கு அவர் கொடுத்த பதில். ஆகவே டார்ச்சும் கணுக்காலை மூடும் காலணியும் விசுவாசக் குறைவின் அடையாளம் என்று யாராவது சொன்னால், அந்தப் பதிலை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

காப்பாற்றியவரை விட்டுவிட்டு எழுதும் இந்தப் பழக்கம் புதிதும் அன்று. 1844இல் தெற்கு ஆப்பிரிக்காவின் மபோட்சாவில் மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனைச் சிங்கம் தாக்கி இடது கையை நொறுக்கியபோது, துப்பாக்கியை நீட்டி அதன் கவனத்தைத் தன்பக்கம் திருப்பியவர் மெபால்வே என்ற ஆப்பிரிக்க விசுவாசி. சிங்கம் அவர்மீது பாய்ந்து தொடையைக் கடித்தது. சிங்கத்தின் கதையை ஞாயிறுபள்ளியில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்; மெபால்வேயின் பெயரை யாரும் சொன்னதில்லை.

விலங்குகளை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஷைர் பள்ளத்தாக்கில் 1862 ஜனவரியில் பேராயர் சார்லஸ் மெக்கன்சி இறந்தார். அவருடைய படகு கவிழ்ந்து மருந்துகள் ஆற்றோடு போன பிறகு வந்த காய்ச்சலே அவர் உயிரைப் பறித்தது. கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகாமல் தூங்காதீர்கள்.

பாம்புக்கடியை உலக சுகாதார அமைப்பு 2017இல் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிடுகிறது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கான முக்கியமான மருந்து ஒன்றின் தயாரிப்பே 2014இல் நின்றுபோனது. வாங்க வேண்டியவர்களிடம் பணம் இல்லை. நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றுக்காகத் தயாரிக்கப்படுவது. அதைப் பெட்டியில் எடுத்துச் சென்று பயனில்லை.

எனக்கு விமானத்தில் ஏற்றிச் செல்லும் அளவுக்குக் காப்பீடு இருந்தது. பெரியவருக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. வேலைக்கு வர முடியாத மாதங்களுக்கு ஆசிரியர்களும் ஊர்ச் சபையும்தான் அரிசியும் மக்காச்சோள மாவும் கொடுத்தார்கள். ஆகவே உங்களை அனுப்பும் அமைப்பிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: விஷமுறிவு மருந்து இருக்கும் மிக அருகிலுள்ள மருத்துவமனை எது, நள்ளிரவில் வண்டி ஓட்டப்போவது யார், உங்களோடு வேலை செய்யும் உள்ளூர்க்காரர் கடிபட்டால் அவர் குடும்பத்தின் செலவை யார் ஏற்பார்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் மழுப்புவார்கள். அதற்கு எழுத்தில் பதில் வரும்வரை பயணச்சீட்டு வாங்காதீர்கள்.