ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் அடிக்கிறதா? பழைய பைக்குகளுக்குக் கேள்வி பதில்

பெங்களூரில் ராஜ்தூத் 350, எஸ்டி (Yezdi), புல்லட் என்று பழைய வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: ஓடும்போது ஒரு சிலிண்டர் ஒழுங்காக வெடிக்காமல் விட்டு விட்டு அடிக்கிறது, அதாவது மிஸ் அடிக்கிறது. ஆகவே முதல் கேள்விக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குத் தேவையான அளவிலும் பதில் எழுதியிருக்கிறேன்.

அல்சூரிலிருந்து: அண்ணா, என்னுடையது 1986 மாடல் ராஜ்தூத் 350. காலையில் ஒரே உதையில் எடுக்கிறது. ரிச்மண்ட் ரோடு நெரிசலில் சற்று நேரம் ஊர்ந்தால் வலது சிலிண்டர் விட்டு விட்டு அடிக்கிறது; பிறகு அடியோடு நின்றுவிடுகிறது. வண்டி ஆறியதும் சரியாகிவிடும். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பலன் இல்லை.

தம்பி, கார்புரேட்டரை இனித் தொடாதீர்கள். அதன் ஜெட்டில் (பெட்ரோல் வரும் நுண்துளையில்) தூசி அடைத்திருந்தால் காலையிலும் அடைத்துத்தான் இருக்கும். சூடேறினால் வந்து, ஆறினால் போகும் கோளாறு என்றால் முதலில் கண்டன்சரையும் (பாயிண்டில் பொறி தெறிக்காமல் காக்கும் சிறு மின்தேக்கி) காயிலையும்தான் (பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) சந்தேகிக்க வேண்டும்.

நிற்பது வலது சிலிண்டர்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மிஸ் அடிக்கும்போதே வண்டியை ஓரமாக நிறுத்தி, சிலிண்டரிலிருந்து சைலன்சர் குழாய் புறப்படும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வேலை செய்யும் பக்கத்தில் சுர்ரென்று பறந்துவிடும். செத்த பக்கத்தில் மெதுவாகக் காயும். எஞ்சின் ஓடும்போது பிளக் கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் இருக்கிறது; எனக்கு அது அறவே பிடிக்காது. பொறி பாய வழியில்லாமல் போனால் அந்த மின்னழுத்தம் காயிலின் உள்காப்பைத்தான் தாக்கும். உங்களுக்கும் ஷாக் அடிக்கும்.

இந்த எஞ்சினில் இரண்டு சிலிண்டருக்கும் பாயிண்ட் (காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறி வரவைக்கும் சிறு சுவிட்ச்), கண்டன்சர், காயில் எல்லாம் தனித்தனி. அது நமக்கு வசதி. நல்ல பக்கத்துப் பொருளைக் கெட்ட பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் பிளக்குகளை இடம் மாற்றுங்கள். கோளாறு இடது பக்கம் போய்விட்டால் பிளக்தான் காரணம், வேலை முடிந்தது. போகவில்லையென்றால் காயில்களை மாற்றுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிளக் வயரை மட்டும் குறுக்காகப் போட்டால் வண்டி ஓடவே ஓடாது. இரண்டு பிஸ்டன்களும் 180 டிகிரி வித்தியாசத்தில் இயங்குவதால், ஒன்று மேலே இருக்கும்போது மற்றொன்று கீழே இருக்கும். ஆகவே பாயிண்டிலிருந்து காயிலுக்கு வரும் சிறு வயர்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அப்படி மாற்றிய பிறகு இடது சிலிண்டர் நிற்கத் தொடங்கினால் காயில் கெட்டது. வலதே மீண்டும் நின்றால் காயில் நல்லது. கண்டன்சருக்கோ பாயிண்டுக்கோ வாருங்கள்.

கண்டன்சர் கெட்டதற்குப் பாயிண்டே சாட்சி சொல்லும். மூடியைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது பாயிண்டைப் பாருங்கள். சிறு பொறி தெரிவது இயல்பு. நீலமும் வெள்ளையுமாகக் கொழுத்த பொறி இடைவிடாமல் தெறித்தால் கண்டன்சர் போய்விட்டது என்று கொள்ளலாம். எஞ்சினை நிறுத்தி பாயிண்டின் இரு முகங்களையும் விரித்துப் பாருங்கள். ஒன்றில் குழியும் எதிர்முகத்தில் அதே அளவு மேடும் இருந்தால், உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய் ஒட்டியிருக்கிறது. அதுவும் கண்டன்சர் சரியில்லை என்பதற்கே அடையாளம்.

புதிய கண்டன்சர் 0.2 முதல் 0.25 மைக்ரோஃபேரட் வரை இருக்கலாம். ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பழைய கம்பெனிச் சரக்கு என்று பெருமையாக எடுத்துக் கொடுப்பார்கள். பல வருடம் டப்பாவில் கிடந்த கண்டன்சர் எனக்கு வேண்டாம். புதிதாகச் செய்ததை வாங்குங்கள். பழையதன் இணைப்பைக் கழற்றிவிட்டு, புதியதை வெளியே தொங்கவிட்டு வயரை இணைத்து, அதன் உடலை எர்த்தில் (வண்டியின் உலோகப் பாகத்தில்) சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதே நெரிசலில் வலது சிலிண்டர் நிற்காமல் ஓடினால் பிறகு நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளலாம். குழி விழுந்த பாயிண்டை அரத்தால் ராவிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்து 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங்கும் (பொறி விழும் நேரமும்) முன்னே போய்விடும். ஆகவே இடைவெளி வைத்த பிறகு பிஸ்டனின் நிலையை அளக்கும் டயல் கேஜ் கொண்டு டைமிங்கைப் பார்க்காமல் விடாதீர்கள். இதுபோன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் டைமிங் அதிகம் முன்னே போனால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

கே.ஆர். புரத்திலிருந்து: எனக்கும் அதே வண்டி, வலது சிலிண்டர்தான். ஆனால் சூடு ஆறுவதில் எதுவும் மாறவில்லை. பிளக் எப்போதும் நனைந்தே வருகிறது. வலது சைலன்சரில் மட்டும் வெள்ளைப் புகை. என்ன செய்யலாம்?

கியர் ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் வலது கிராங்க் ஆயில் சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கிழிந்து, கிளட்ச் பக்கத்து ஆயிலை எஞ்சின் உறிஞ்சுகிறது. பிளக் எத்தனை மாற்றினாலும் நனையும். சீல் மாற்றியே ஆக வேண்டும். இடது சீல் போனால் அறிகுறி நேர்மாறு: அங்கே ஆயில் இல்லை, காற்றுதான் புகும். பிளக் வெளுத்துப்போகும், ஆக்சிலரேட்டரை விட்டாலும் வேகம் இறங்காது. அது இதைவிட ஆபத்து. அந்த நிலையில் ஓட்டாதீர்கள்.

ஜெயநகரிலிருந்து: ஐயா, அப்பாவின் எஸ்டி 250-ஐ நான் ஓட்டுகிறேன். இடது சைலன்சரில் புகையே வருவதில்லை, கையை வைத்தால் காற்றும் குறைவு. மேடேறினால் இழுவை இல்லை. இடது சிலிண்டர் போய்விட்டது, போரிங் செய்ய (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்க) வேண்டும் என்கிறார் ஒரு மெக்கானிக்.

அம்மா, அவரிடம் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் எஸ்டியில் இருப்பது ஒரே சிலிண்டர். அந்த ஒன்றிலிருந்தே இரண்டு வழியாகப் புகை பிரிந்து இரண்டு சைலன்சருக்குப் போகிறது. இடது வழியில் கரி அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். சைலன்சரின் பின்முனையைக் கழற்றி உள்ளே இருக்கும் குழாயை உருவுங்கள். விரல் தடிமனுக்குக் கரி படிந்திருக்கும். சுரண்டி எடுத்து, மீதியைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; அலுமினியப் பாகம் எதுவும் அதில் படக்கூடாது. எஞ்சினில் புகைபோகும் துளையையும் பார்த்துவிடுங்கள். பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கண் அளவில் ஊற்றுவதாக இருந்தால் அதை நிறுத்தி அளவுக் குவளை வையுங்கள்.

ஓசூர் ரோட்டிலிருந்து: சென்னையில் நன்றாக ஓடிய என் புல்லட் 350 பாயிண்ட் மாடலை இங்கே கொண்டுவந்ததிலிருந்து பாதி ஆக்சிலரேட்டரில் திணறி மிஸ் அடிக்கிறது. பிளக் கன்னங்கரேல் என்று இருக்கிறது.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவதால் சென்னையில் வைத்த அளவு இங்கே பெட்ரோல் மிகுந்த கலவையாகிவிடும். மைக்கார்ப் கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் நீடிலின் (ஊசியின்) கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள். நீடில் கீழே இறங்கிப் பெட்ரோல் குறையும். முழு ஆக்சிலரேட்டரிலும் திணறினால் மெயின் ஜெட்டை ஒரு அளவு குறையுங்கள். அதற்கு முன் ஏர் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள். மீண்டும் சென்னைக்கு ஓட்டிப் போகும்போது பழைய அளவுக்கே மாற்றிவிட வேண்டும்.

சிவாஜிநகரிலிருந்து: எத்தனால் கலந்த பெட்ரோலால்தான் மிஸ் அடிக்கிறது என்கிறார்களே?

எல்லாப் பழியையும் அதன் மேல் போட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் அது உண்மையாகலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதை ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்துச் சிறிது நேரம் வையுங்கள். அடியில் தனிப்படலம் தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்து புதிய பெட்ரோல் ஊற்றுங்கள். பழைய ரப்பர் குழாய்களும் ஊறிப்போயிருக்கும், மாற்றுங்கள்.

விவேக்நகரிலிருந்து: என்.ஜி.கே. பிளக் கிடைக்காமல் பாஷ் பிளக் போட்டேன். எண் பெரியதாக இருந்தால் குளிர்ந்த பிளக் (சூட்டை விரைவாக வெளியேற்றுவது) என்று சொன்னதால் பெரிய எண்ணாகவே வாங்கினேன். இப்போது சூடாகி மிஸ் அடிக்கிறது.

அந்தக் கணக்கு என்.ஜி.கே.வுக்கு மட்டும். அங்கே 7-ஐவிட 8 குளிர்ந்தது. இப்போதைய பாஷ் குறியீட்டில் தலைகீழ்: எண் ஏற ஏறப் பிளக் சூடானது. ஆடுகோடியில் பாஷ் கம்பெனியின் மைக்கோ ஆலை இருந்த ஊரிலேயே கடைக்காரர்கள் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நீங்கள் போட்டிருப்பது தேவையைவிடச் சூடான பிளக். உடனே கழற்றுங்கள், எண்ணை மட்டும் பார்த்து வாங்காமல், இரண்டு கம்பெனிக்குமான ஒப்பீட்டு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பிளக்கின் பீங்கானில் சிறு உலோக மணிகள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டன் உருகியதன் தூள். அப்படியிருந்தால் ஹெட்டைத் திறந்து பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.