டெஸ்ரோயர் பெரிசா, க்ரூசர் பெரிசா: உங்கட கேள்வியளும் என்ர பதிலும்

முதல்ல புதுசா வந்த ஆக்களுக்கு ஒருக்கா சொல்லிவிடுறன். யாழ்ப்பாணத் திருநெல்வேலியில எங்கட வீட்டு விறாந்தையில ரெண்டு கிழமைக்கு ஒருக்கா 9 பேர் கூடி விளையாடுற விண்வெளிக் கடற்படை கேம் ஒண்டு இருக்கு, சுவரில பெரிய வரைபடம், கணக்கெல்லாம் எக்செல் ஷீற்றில, வெளிநாட்டில இருக்கிற 3 பேர் வீடியோ கோலில வருவினம். விதி எழுதினது நான், நடுவரும் நான், அதால பேச்சு வாங்கிறதும் நான்தான். ஒரு சுத்து எண்டா கேமில ஒரு வருசம். கப்பல் வகையும் பதவி உயர்வும் ஒருத்தருக்கும் விளங்கேல்லை எண்டு போன முறை பெரிய சண்டை, அதுதான் கேள்வியளை எழுதி அனுப்புங்கோ எண்டனான். வந்ததில கொஞ்சத்துக்குப் பதில் கீழ கிடக்கு.

கொக்குவில் தம்பி: அண்ணை, டெஸ்ரோயர் பெரிசா க்ரூசர் பெரிசா? ஒவ்வொரு கேமிலயும் ஒவ்வொரு மாதிரிக் கிடக்கு, தலை சுத்துது.

தம்பி, அளவை விட்டுட்டு வேலையைப் பார், சுத்தாது. டெஸ்ரோயர் எண்ட பேர் எங்கயிருந்து வந்ததெண்டா, 1800களின்ர கடைசியில ரோப்பீடோ, அதாவது தண்ணிக்குள்ளால போய் வெடிக்கிற குண்டு, அதை ஏவுற சின்னச் சின்ன ரோப்பீடோ போட்டுகள் வந்து பெரிய கப்பல்களை ஓட்டை போடத் துவங்கிட்டுதுகள், அதுகளைத் துரத்தி அடிக்க இன்னொரு சின்னக் கப்பல் வேணும், அதுக்கு வச்ச முழுப்பேர் ரோப்பீடோ போட் டெஸ்ரோயர், பேந்து வாய்க்கு நீளமா இருக்கெண்டு கடைசிச் சொல்லை மட்டும் வச்சுக்கொண்டினம். பிரிட்டிஷ்காரர் 1893இல இறக்கின ஹாவொக் 300 தொன்கூட வராது. இண்டைக்கு அமெரிக்காவின்ர சும்வோல்ற் 15,000 தொன்னுக்கு மேல, அதுக்கும் பேர் டெஸ்ரோயர்தான்.

க்ரூசர் எண்டா தனியா தூரப் போய் நிக்கக்கூடிய கப்பல், அவ்வளவுதான். நாடுகளின்ர போர்க்கப்பல்களுக்கு வரம்பு போட்ட 1922 வொஷிங்ரன் ஒப்பந்தத்தில க்ரூசருக்கு 10,000 தொன், 8 அங்குலப் பீரங்கி எண்டு மட்டம் கட்டினவை. 1930 லண்டன் ஒப்பந்தத்தில ஹெவி, லைற் எண்டு பிரிச்சது பீரங்கியின்ர வாயை வச்சு, 6.1 அங்குலத்துக்கு மேல போனா ஹெவி. கப்பலின்ர பாரத்தை வச்சில்லை. அதால லைற் க்ரூசர் எண்ட உடன மெல்லிசா ஒண்டு வரும் எண்டு நினைச்சு ஏமாறாதை.

எங்கட கேமில டெஸ்ரோயர் காவல், க்ரூசர் தூரப் பயணம். எரிபொருள் கணக்கைப் பார், விளங்கும்.

ரொறன்ரோவில இருந்து ஒருத்தர்: நான் பற்றில்ஷிப் 4 கட்டினன், எல்லாக் காசும் அதிலதான் போட்டன், ஆனா பக்கத்து வீட்டுப் பெடியன் குட்டிக் கப்பல்களை வச்சு என்னை முடிச்சுப்போட்டான். உங்கட விதியில பிழை இருக்கு.

விதியில பிழையில்லை அண்ணை, கஞ்சத்தனத்தில பிழை. பொயின்ற் கணக்கை நான் ஸ்ரெல்லாரிஸ் எண்ட விண்வெளிக் கொம்பியூற்றர் கேமில இருந்து களவெடுத்தனான், ஒளிக்கேல்லை. அதில கோர்வெட் 1, டெஸ்ரோயர் 2, க்ரூசர் 4, பற்றில்ஷிப் 8, ரைற்றன் 16 எண்டு கடற்படைக் கொள்ளளவைத் தின்னும். அப்ப உங்கட 4 பற்றில்ஷிப்பும் 32 கோர்வெட்டுக்குச் சமன். அந்த 32ஐயும் அவன் ரோப்பீடோவோட கொண்டுவந்தவன், ரோப்பீடோ பெரிய கப்பலுக்கு அடிக்கேக்க கூட அடிக்கும், அந்த விதியும் அங்கயிருந்துதான் வந்தது. உங்களிட்ட முன்னால நிக்க ஒரு டெஸ்ரோயர்கூட இல்லை. மதிலில்லாமல் மாடி வீடு கட்டினா மாடு உள்ளுக்கு வரத்தானே செய்யும். இனிமேல் ஒவ்வொரு பற்றில்ஷிப்புக்கும் ரெண்டு டெஸ்ரோயர் எண்டு வையுங்கோ, பேந்து கதைப்பம்.

சுன்னாகம்: பற்றில்க்ரூசர் நல்லதோ? பீரங்கி பெரிசு, வேகமும் கூட, ஏன் ஒருத்தரும் கட்டுறேல்லை?

படம் பாக்க வடிவு. கட்டாதை. 1906இல பிரிட்டிஷ்காரற்ற ட்ரெட்நோட் எண்ட பற்றில்ஷிப் வந்து, பன்னிரண்டு அங்குலப் பீரங்கி பத்தோட 21 நொட் (மணிக்கு 21 கடல் மைல்) வேகத்தில ஓடின உடன அதுக்கு முந்தின பற்றில்ஷிப் எல்லாம் பழைய இரும்பாப் போச்சு. அந்த உற்சாகத்தில, அதே பீரங்கியைப் போட்டு, கவசத்தைக் குறைச்சு, வேகத்தைக் கூட்டி ஒண்டு செய்வம் எண்டு செய்ததுதான் பற்றில்க்ரூசர். க்ரூசரைத் துரத்திப் பிடிக்க அது திறம். ஆனா அவ்வளவு பெரிய பீரங்கியைப் பாத்த எந்த அட்மிரலுக்கும் அதைப் பெரிய சண்டையில வரிசையில நிப்பாட்டாமல் இருக்க மனம் வராது, அங்கதான் பிடி.

1916 மே 31, முதலாம் உலகப்போரில பிரிட்டிஷ்காரருக்கும் ஜேர்மன்காரருக்கும் நடந்த ஜட்லண்ட் கடற்சண்டை. பிரிட்டிஷ்காரற்ற இன்டிஃபற்றிகபிள், குயின் மேரி, இன்வின்சிபிள், மூண்டும் ஒரே நாளில வெடிச்சுப் போச்சு, 3,300 பேர் வரைக்கும் செத்தவை. கவசம் மெல்லிசு எண்டது ஒரு காரணம்தான். கெதியாச் சுடவேணும் எண்டு வெடிமருந்தைக் கண்டபடி வெளியில எடுத்து வச்சதும், நெருப்பை மறிக்கிற கதவுகளைத் திறந்து விட்டதும் மற்றது. எங்கட கேமில வேகச் சூடு எண்டு ஒரு தெரிவு இருக்கெல்லோ, ஒரு சுத்தில ரெண்டு தரம் சுடலாம், ஆனா தாயக்கட்டையில 1 விழுந்தா கப்பல் முழுசாப் போகும். அது ஏன் அவ்வளவு கொடுமையா இருக்கெண்டு கனபேர் கேட்டவை. இதுதான் காரணம்.

பேர் போடாத ஆள்: ஃப்ரிகேட்டுக்கும் கோர்வெட்டுக்கும் என்ன வித்தியாசம்?

பாய்க்கப்பல் காலத்தில ஃப்ரிகேட் பெரிசு, கோர்வெட் அதுக்கு அடுத்தது. பேந்து ரெண்டு பேரும் வழக்கொழிஞ்சு, ரெண்டாம் உலகப்போரில நீர்மூழ்கியளிட்ட இருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கத் திரும்பி எழும்பி வந்தவை. எங்கட கேமில ஃப்ரிகேட் இல்லை, கேளாதையுங்கோ.

இன்னொரு ஆள்: எந்த வகையையும் நானே வடிவமைச்சு நானே பேர் வைக்க ஏலாதோ?

ஏலும் எண்டா அரோரா ஃபோர்எக்ஸ் விளையாடும். ஸ்ரீவ் வோம்ஸ்லி எண்டவர் தனிய எழுதிச் சும்மா குடுக்கிற கேம். படம் கிடம் பெரிசா இல்லை, முழுக்க அட்டவணைதான், எஞ்சின்ல இருந்து ராடர் வரைக்கும் நீரே பூட்டவேணும், பேரும் நீரே வைக்கலாம். 200 தொன் சாமானுக்கு பற்றில்ஷிப் எண்டு பேர் வச்சாலும் ஒருத்தரும் மறிக்கமாட்டினம். முதல் நாள் விசர் வரும், சொல்லிப்போட்டன்.

மானிப்பாய்: அண்ணை, என்ர லெப்ரினன்ட் 5 சண்டை வெண்டிட்டார், அனுபவப் புள்ளி நிரம்பி வழியுது. ஏன் இன்னும் கொமாண்டர் ஆகேல்லை? மற்றக் கேமில எண்டா எப்பவோ ஆகியிருப்பார்.

மற்றக் கேமில அனுபவப் பட்டை நிரம்பினா ஒரு சத்தம் கேக்கும், லெவல் கூடும். ஸ்ரெல்லாரிஸில முந்தி அட்மிரல், ஜெனரல் எண்டு ரெண்டு வகை இருந்தது, இப்ப ரெண்டையும் ஒண்டாக்கி கொமாண்டர் எண்டு வச்சிருக்கினம், அதிலயும் கூடுறது லெவல்தான். அது திறமை. பதவி வேற தம்பி.

உமக்கு இது விளங்காட்டி வீட்டில ஆரும் அரசாங்க உத்தியோகம் பாத்தவையெண்டா கேளும். ஆளணி வெற்றிடம் இல்லாட்டி பதவியுயர்வு இல்லை! உம்மட படையில கொமாண்டர் நிக்கவேண்டிய கப்பல் எத்தினை? ரெண்டு க்ரூசர். ரெண்டிலயும் ஆள் இருக்கு. பிறகு உம்மட லெப்ரினன்டைக் கொண்டுபோய் எங்க இருத்துறது, குசினியிலயோ? இன்னொரு க்ரூசர் கட்டும், அண்டைக்கே ஆள் கொமாண்டர். அதுதான் நான் கப்பல் வகையையும் பதவியையும் ஒரே ஷீற்றில வச்சிருக்கிறன். வெறும் கோர்வெட் மட்டும் கட்டுற ஆளுக்குச் சண்டையில வெற்றி வரும், ஆனா அவரிட்ட பத்துச் சுத்துக்குப் பிறகு ஒரு நல்ல கப்டன்கூட வளர்ந்திருக்கமாட்டார், எல்லாம் கிழட்டு லெப்ரினன்ட்மார்தான். போன வருசம் ஒருத்தர் அப்பிடித்தான் அம்பிட்டவர், பேர் சொல்லேல்லை, ஆளுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர், உரும்பிராய்: தம்பி, என்ர பேரனுக்காகக் கேக்கிறன். மூப்பு அடிப்படையோ திறமை அடிப்படையோ? உங்கட விதியில ரெண்டும் கலந்து கிடக்கு.

ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பாய்க்கப்பல் காலத்து பிரிட்டிஷ் கடற்படையைத்தான் பாத்து எழுதினனான். அங்க லெப்ரினன்ட் ஆக 6 வருசம் கடலில நிக்கவேணும், சோதனையும் பாஸ் பண்ணவேணும். அதுக்கு மேல கப்டன் பட்டியலில ஏறும்வரைக்கும் திறமை, அதிட்டம், ஆரின்ர மருமகன் எண்டது, எல்லாம் வேலை செய்யும். பேர்போன பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சன் 1779இல 20 வயசில கப்டன் ஆனவர், கடற்படையில மாமா ஒருத்தர் மேல இருந்தது உதவாமலில்லை. ஆனா பட்டியலில ஏறின பிறகு வரிசை மாறாது, முன்னுக்கு நிக்கிறவர் செத்தாத்தான் பின்னுக்கு நிக்கிறவர் நகருவார். நெல்சனும் அட்மிரல் பதவியளில முதல் படியான றியர் அட்மிரல் ஆக 1797 வரைக்கும் பாத்துக்கொண்டு இருந்தவர்தான்.

அப்ப முன்னுக்கு நிக்கிற ஆள் உதவாதவர் எண்டா? அதுக்கும் ஒரு வழி வச்சிருந்தவை. சிவப்பு, வெள்ளை, நீலம் எண்டு அட்மிரல்மாருக்கு மூண்டு நிறப் பிரிவு, உதவாதவருக்கு அட்மிரல் பட்டத்தைக் குடுத்து எந்த நிறமும் குடுக்கமாட்டினம், பகிடியா மஞ்சள் அட்மிரல் எண்டுவினம். பட்டம் இருக்கும், படை இருக்காது. எங்கட கேமிலயும் மஞ்சள் அட்டை ஒண்டு இருக்கு ஐயா, பேரனிட்டச் சொல்லுங்கோ. ஆனா சம்பளம் குடுக்கவேணும், கணக்கில கழியும்.

நல்லூர்: கொமடோர் எண்டது கப்டனுக்கு மேலயோ? பிறகு ஏன் என்ர கொமடோர் திரும்பிக் கப்டன் ஆனவர்?

அது பதில் கடமை மாதிரி. பள்ளிக்கூடத்தில பதில் அதிபர் இருக்கிறாரெல்லோ, அப்பிடி. அந்தக் காலத்தில ஒரு கப்டனை நாலைஞ்சு கப்பலுக்குத் தற்காலிகமாப் பொறுப்பு விட்டா கொமடோர், வேலை முடிஞ்சா பழையபடி கப்டன். உம்மட கப்பல் அணி கலைஞ்சது, அவற்ற பட்டமும் கலைஞ்சுது.

ஆனா பதில் கடமையை லேசா நினைக்காதையும். ப்ரோவோ வொலிஸ் எண்டு ஒரு லெப்ரினன்ட், 1813இல ஷனன் எண்ட கப்பல் அமெரிக்காவின்ர செசபீக்கைப் பிடிச்ச சண்டையில கப்டனுக்குக் கடும் காயம், முதல் லெப்ரினன்ட் செத்துப்போனார், அதால இவர் சில நாள் கப்பலைப் பொறுப்பெடுத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவ்வளவுதான். 1870இல வயசு போன ஆக்களை ஓய்வுக்கு அனுப்ப விதி கொண்டுவரேக்க, பிரெஞ்சுக்காரரோட நடந்த பழைய போர் முடியமுந்திக் கப்பலுக்குப் பொறுப்பா இருந்தவையை விலக்கி வச்சினம். அந்தச் சில நாளால மனுசன் 1892இல 100 வயசில சாகும்வரைக்கும் சேவைப் பட்டியலிலயே இருந்தவர், அதுவும் எல்லாத்திலயும் மேல் பதவியான அட்மிரல் ஒஃப் த ஃப்ளீற்றா! ஓய்வூதியக் கந்தோரில இதைச் சொன்னா மயங்கி விழுவினம்.

அதால எங்கட கேமில ஒரு சுத்து பதில் கடமை பாத்தாலும் அதை ஷீற்றில எழுதி வைக்கிறன். பிறகு உதவும்.

வல்வெட்டித்துறைத் தங்கச்சி: அண்ணா, எல்லாம் இங்கிலிஷ் பேராக் கிடக்கு. தமிழில வைக்க ஏலாதோ? சோழர் கடற்படையில பதவிப் பேர் எல்லாம் இருந்ததெண்டு படம் போட்டு அனுப்பீனம்.

அந்தப் படம் எனக்கும் வந்தது. கல்வெட்டைக் காட்டினா வைக்கிறன், இல்லாட்டி விடும். தளபதி எண்ட சொல்லையும் நான் வேணுமெண்டே விட்டனான், எங்கட ஊரில அந்தச் சொல்லுக்குப் பாரம் கூட, விளையாட்டுக்கை இழுக்க மனம் வரேல்லை.

ஆனா உங்கட ஊர்ச் சொல்லே இருக்கே பிள்ளை. தண்டையல்! வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்ரர் வரைக்கும் போனது, அந்த ஊர் ஆக்களுக்கு கப்டன் எண்ட சொல்லை நான் படிப்பிக்கிறதோ? அடுத்த கேமில சரக்குக் கப்பல் ஓட்டுறவை எல்லாரும் தண்டையல், சரக்குக் கப்பலுக்கு வத்தை எண்டு பேர். சண்டைக் கப்பலுக்கு நீர் நாலு பேர் யோசிச்சுக்கொண்டு வாரும், நல்லா இருந்தா வைக்கிறன்.

கொக்குவில் தம்பி, திரும்பவும்: அண்ணை, ஞாயிறு மழையெண்டா கேம் நடக்குமோ?

நடக்கும். போன மாரியில தூவானம் அடிச்சு வரைபடத்தில ரெண்டு நட்சத்திரம் அழிஞ்சு போச்சு, ஒண்டில உன்ர தளம் இருந்தது, அதை நான் இன்னும் உனக்குச் சொல்லேல்லை. 3 மணிக்கு வா, வரேக்க பருத்தித்துறை வடை ஒரு பைக்கற் வாங்கிக்கொண்டு வா.