துன்ப காலத்தில் கடவுள் எப்படிப்பட்டவர்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அன்பின் பாதர், 2009ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்த நாட்களில், நாங்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்த அன்று என் மூத்த மகனை எங்களிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அண்மையில் எங்கள் வீட்டுக்குச் செபிக்க வந்த ஒருவர், குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதோ இருப்பதாகவும், அதற்காகவே கடவுள் இந்தத் தண்டனையைத் தந்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அன்று தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தால் வாய் வருகுதில்லை. பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) கிடந்து நாங்கள் கூப்பிட்டபோது கேட்காத கடவுள் எப்படிப்பட்டவர்? இதற்குத் திருவிவிலியம் என்ன சொல்கிறது?
– ஒரு தாய், முள்ளியவளை

பதில்: அன்புள்ள அம்மா, உங்கள் வீட்டுக்கு வந்தவர் சொன்னது தவறு. இது என்னுடைய சொந்தக் கருத்து அல்ல; இதே கேள்விக்கு ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார். லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் சிலர் அவரிடம் ஒரு படுகொலைச் செய்தியைக் கொண்டுவருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தை அவர்களது பலிகளோடு கலந்துவிட்டான். அவ்வாறு செத்தவர்கள் மற்ற எல்லாக் கலிலேயரையும் விடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார். கேட்டுவிட்டு, இல்லை என்று மறுமொழியையும் தாமே சொல்கிறார். அத்தோடு நிறுத்தாமல், சீலோவாமிலே கோபுரம் விழுந்து செத்த 18 பேரையும் எடுத்துக்காட்டி, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அதற்கும் இல்லை என்கிறார். ஒன்று ஆட்சியாளனின் ஆயுதத்தால் வந்த சாவு, மற்றது எதிர்பாராத விபத்து. இரண்டிலும் செத்தவர்களின் பாவக் கணக்கைத் திறந்து பார்க்க அவர் உடன்படவில்லை. செய்தி கொண்டுவந்து நின்றவர்களைத்தான் மனந்திரும்பச் சொன்னார். பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவரைக் காட்டி, இது இவர் செய்த பாவமா, இவரைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோதும், இரண்டும் இல்லை என்பதே அவருடைய பதில். பிள்ளைக்கு வந்த துன்பத்துக்குத் தாய் தகப்பனின் பாவத்தைத் தேடுகிற பழக்கம் அன்றைக்கும் இருந்தது. ஆண்டவர் அதை ஏற்கவில்லை. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டுபோன பிறகும் இத்தகைய பேச்சு எழுந்தது. அது எத்தனை தாய்மாரின் நெஞ்சில் இன்னும் முள்ளாய்க் கிடக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மிகுந்த வேதனை உண்டாகிறது.

ஆனால் மறைநூலில் வேறொரு குரலும் இருப்பதை நான் மறைக்கக் கூடாது. மறைத்தால், நாளைக்கு வேறொருவர் வந்து, கடவுளின் கட்டளைகளை மீறினால் சாபங்கள் வரும் என்கிற இணைச்சட்ட நூலின் 28ஆம் அதிகாரத்தை விரித்துக் காட்டி உங்களை மீண்டும் கலங்கவைப்பார். பாபிலோனியர் எருசலேமை அழித்த பின் எழுந்த புலம்பல் நூலிலும், நாங்கள் பாவம் செய்தோம், அதனால் இது எங்களுக்கு நேர்ந்தது என்ற அறிக்கை பல இடங்களில் வருகிறது. அந்த அறிக்கையைச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். சாம்பலில் குந்தியிருந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னார்கள். வெளியே நின்று அதைப் பார்த்து மகிழ்ந்த அயல்நாட்டாரான ஏதோமியரையோ, ஒபதியா நூல் கடுமையாகக் கண்டிக்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், நான் சிறிதளவே சினம் கொண்டிருந்தேன், அவர்களோ அழிவை மிகுதியாக்கினார்கள் என்று, தம் மக்களைத் துன்புறுத்திய நாடுகளைப் பற்றி ஆண்டவர் சொல்வதாகச் செக்கரியா நூலின் முதலாம் அதிகாரம் கூறுகிறது. தண்டனை என்று மறைநூலே சொல்கிற இடத்திலும், அடித்த கைகளைக் கடவுள் குற்றமற்றவையாக விட்டுவிடவில்லை. அடிபட்டவர்களின் வாசலுக்குப் போய்க் கணக்குக் கேட்கும் உரிமையையும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

அந்தப் புலம்பல் நூலை ஒருமுறை முழுமையாக வாசியுங்கள், அம்மா. ஐந்தே அதிகாரங்கள். தாயின் மடியில் உயிர் போகும் நேரத்தில் சாப்பாடு எங்கே என்று கேட்கிற பிள்ளைகளை அதன் இரண்டாம் அதிகாரத்தில் காண்பீர்கள். போரின் கடைசி மாதங்களில் இரணைப்பாலையிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களுக்கு அந்த வரிகளுக்கு விளக்கவுரை தேவைப்படாது. அந்த நூல் முழுவதிலும் கடவுள் நேரில் மறுமொழி சொல்வதில்லை; எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற ஏக்கத்தோடேயே அது முடிகிறது. அப்படியிருந்தும், அதன் நடுவில், மூன்றாம் அதிகாரத்தில், மனிதரை வருத்துவது அவருடைய உள்ளத்தின் விருப்பம் அல்ல என்ற ஒரு வரி நிற்கிறது. எல்லாவற்றையும் இழந்த ஒருவர் கடவுளின் குணத்தைப் பற்றிச் சொன்ன சாட்சி அது. வசதியாக இருந்தவர் சொல்லியிருந்தால் நான் அதற்கு இத்தனை மதிப்புக் கொடுத்திருக்க மாட்டேன்.

வாய் வருகுதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எகிப்தில் அடிமைப்பட்டிருந்தவர்களைப் பற்றி விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரம் என்ன சொல்கிறது? அவர்கள் வேலையின் கொடுமையால் முனகி அழுதார்கள். கடவுளை நோக்கி மன்றாடினார்கள் என்று அங்கே எழுதப்படவில்லை. அழுதார்கள், அந்த அழுகை கடவுளிடம் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்தில், அவர்களுடைய துன்பத்தைக் கண்டேன், அழுகுரலைக் கேட்டேன், இறங்கி வந்தேன் என்று அவர் மோசேயிடம் கூறுகிறார். ஆபிரகாமின் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஆகாரும் அப்படித்தான். தோற்பையில் தண்ணீர் முடிந்துபோனதும் பிள்ளையை ஒரு புதருக்கடியில் கிடத்திவிட்டு, பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போயிருந்து கதறினாள். அவள் எகிப்தியப் பெண், அடிமை, அந்த வீட்டின் வாக்குறுதியில் பங்கில்லாதவள். கடவுள் கேட்டார். உங்கள் நித்திரையில்லாத இரவுகளும் அவரிடம் போய்ச் சேர்கின்றன. செபமாலை கையில் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை.

அப்படியானால் ஏன் மகனைக் காப்பாற்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்க வேண்டும். அதற்குக் காரணம் இதுதான் என்று மறைநூல் எங்கும் சொல்லவில்லை, நானும் ஒன்றைக் கட்டிச் சொல்லப் போவதில்லை. கோயிலுக்குள் ஓடினால் தப்பலாம் என்றுகூட எங்களால் சொல்ல முடியாமற் போயிற்று. 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தருக்கு அஞ்சி மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய மக்கள் தூக்கிவந்த மாதாவின் சுரூபம் மடுத் திருத்தலத்தில் இருக்கிறது. 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த மடு வளாகத்திலேயே அடைக்கலம் தேடியிருந்த சனத்தின் மீது செல் (எறிகணை) விழுந்தது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் அந்தச் சுரூபமும் மக்களைப் போலவே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போனது. துன்பம் அணுகாத கடவுளை நற்செய்தியும் எங்களுக்குக் காட்டவில்லை. சிலுவையில் தொங்கிய மகன், என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று கத்தினார். அந்த ஏன் என்பதற்கு வானத்திலிருந்து பதில் வரவில்லை. உங்கள் கேள்வியைக் கடவுளின் மகனே கேட்டிருக்கிறார் என்றால், அதைக் கேட்பது அவிசுவாசம் ஆகாது. உயிர்த்த பின்பும் அவர் தம் உடலிலிருந்த காயங்களை அழித்துக்கொண்டு வரவில்லை. அவற்றைத் தொட்டுப் பார்க்கும்படி தோமாவிடம் நீட்டினார்.

இன்னொரு தாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாமுவேல் இரண்டாம் நூலின் 21ஆம் அதிகாரத்தில் வருகிற ரிஸ்பா என்ற பெண், எங்கள் மறையுரைகளில் அரிதாகவே பேசப்படுகிறாள். பஞ்சம் நீங்க வேண்டும் என்று தாவீது அரசர் சவுலின் வழிவந்த ஏழு பேரை, முன்பு சவுல் கொன்றுகுவித்த இனத்தவரான கிபயோனியரிடம் கையளித்தார். அவர்களைக் கொன்று மலைமேல் போட்டார்கள். ரிஸ்பாவின் இரண்டு பிள்ளைகளும் அதில் அடக்கம். அவள் சாக்குத்துணியைப் பாறைமேல் விரித்து, வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை அங்கேயே இருந்து, பகலில் பறவைகளும் இரவில் காட்டு விலங்குகளும் அந்த உடல்களைத் தீண்டாதபடி காத்தாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது அரசரின் காதுக்கு எட்டியது. எலும்புகளை எடுப்பித்து முறைப்படி அடக்கம் செய்வித்தார். அதன் பின்னரே கடவுள் அந்த நாட்டுக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டுக்குச் செவிசாய்த்தார் என்று அந்தப் பகுதி முடிகிறது. கொலைகள் முடிந்த உடனே அவர் செவிசாய்த்ததாக எழுதப்படவில்லை. செத்தவர்களுக்கு உரிய மதிப்புக் கொடுக்கப்பட்ட பின்னரே செவிசாய்த்தார். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு வந்து குந்திய தாய்மாரைப் பார்த்தபோதும், 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வெளிப்பட்டபோதும், இந்த அதிகாரம்தான் என் நினைவுக்கு வந்தது. உங்கள் மகன் இறந்துவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைத் தேடும் தாயின் பிடிவாதத்தைக் கடவுள் பாவமாகப் பார்க்கவில்லை, நாடு முழுவதும் அதற்குப் பதில் சொல்லும்வரை காத்திருந்தார் என்றே சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்துக்கிடந்த இறைவாக்கினர் எலியாவிடம் கடவுள் தம் தூதர் வழியாக முதலில் அனுப்பியது சுட்ட அப்பமும் ஒரு குவளை தண்ணீரும்தான். அவர் உண்டு மீண்டும் நித்திரை கொள்ளும்வரை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. செல்லடிக்கு நடுவில் அரிசியும் உப்பும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, வரிசையில் நின்றவர்களுக்கு ஊற்றியவர்கள் அந்தத் தூதரின் வேலையைத்தான் செய்தார்கள் என்று நான் நம்புகிறேன். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், அம்மா. நித்திரையின்மை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த மனிதர் திரும்ப வந்தால், லூக்கா 13ஐத் திறந்து அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் மறைக்கல்வி வகுப்பில், பிள்ளைகளையும் செல்வத்தையும் இழந்த யோபுவின் கதையைப் படிப்பித்தபோது, கடவுள் அவருக்கு எல்லாவற்றையும் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்தார் என்று சொன்னேன். அப்பாவை இழந்த ஒரு மாணவி, அப்படியென்றால் அவருடைய செத்த பிள்ளைகளும் திரும்பி வந்தார்களா என்று கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?
– மறையாசிரியர், கிளிநொச்சி

பதில்: அந்தப் பிள்ளை பல விரிவுரையாளர்களைவிட நன்றாகக் கவனித்திருக்கிறாள். ஆடுகள் 7,000 இருந்தவை 14,000 ஆயின. ஒட்டகங்கள் 3,000 இருந்தவை 6,000 ஆயின. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பு இருந்தது போலவே ஏழு மகன்மாரும் மூன்று மகள்மாரும் பிறந்தார்கள். செத்த பத்துப் பேரும் திரும்பி வந்ததாக எழுதப்படவில்லை. ஒரு பிள்ளையின் இடத்தை இன்னொரு பிள்ளை நிரப்பாது என்பதை மறைநூல் அறியாமல் விட்டுவிடவில்லை என்றே நான் அதை வாசிக்கிறேன். ஆகவே, இல்லை, அவர்கள் திரும்பி வரவில்லை என்று அவளுக்கு உண்மையைச் சொல்லுங்கள். அவர்களை மீண்டும் காண்போம் என்ற உயிர்ப்பின் நம்பிக்கையை அதன் பிறகு சொல்லலாம்.

வகுப்பில் இன்னும் இரண்டு இடங்களை வாசித்துக் காட்டுங்கள். முதலாவது, யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். வாயைத் திறந்து, உன் பாவமே காரணம் என்று கடவுளுக்காக வாதாடத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். நூலின் முடிவில் கடவுள் அந்த மூவர் மீதும் சினம் கொண்டு, என் ஊழியன் யோபு பேசியதைப் போல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். பிறந்த நாளையே சபித்தவரும், கடவுளை வழக்குக்கு அழைத்தவரும் யோபுதான். அவரைத்தான் கடவுள் சரியாகப் பேசியவர் என்றார். தம்மை நியாயப்படுத்தும் பொய்யைவிடத் தம் முகத்துக்கு நேரே சொல்லப்படும் கோபத்தை ஏற்கிற கடவுள் இவர். இரண்டாவது, 42ஆம் அதிகாரத்தில் யோபுவின் உறவினரும் பழகியவர்களும் வீட்டுக்கு வந்து, அவரோடு இருந்து சாப்பிட்டு, ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன் மோதிரமும் கொடுத்தார்கள். அவருடைய செல்வம் திரும்பத் தொடங்கியது சொந்தக்காரரின் கைகளிலிருந்துதான். பிள்ளைகளுக்கு இது உடனே விளங்கும்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் இறந்தோரை நினைவுகூரும் நவம்பர் 2ஆம் திகதிக்கு இறந்தவர்களின் பெயர்களை எழுதித் தரும்படி பங்கில் கேட்கிறார்கள். காணாமற்போன எங்கள் மகனின் பெயரை எழுத மனைவி சம்மதிப்பதில்லை. எழுதாமல் விட்டால் அவனுக்குச் செபம் கிடைக்காமற் போகுமோ என்று எனக்குப் பயம். என்ன செய்யலாம்?
– ஒரு தகப்பன், பரந்தன்

பதில்: மனைவியை வற்புறுத்த வேண்டாம். பூசையை உயிரோடிருப்பவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம், இறந்தவருக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். ஆகவே, மகன் எந்த நிலையில் இருக்கிறார் என்பதை நீங்கள் இருவரும் தீர்மானிக்கத் தேவையில்லை. நவம்பர் பட்டியலை விட்டுவிட்டு, அவருடைய பிறந்த நாளில் ஒரு பூசைக்குச் சொல்லுங்கள். பங்குத்தந்தையிடம் பூசைக் கருத்தை (பூசை யாருக்காக என்பதை) எழுதிக் கொடுக்கும்போது பெயரை மட்டும் எழுதி, எங்கள் மகனுக்காக என்று குறிப்பிட்டால் போதும். காணிக்கை கொடுக்க வசதியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வசதியற்றவர்களின் கருத்துக்காகக் காணிக்கை இல்லாமலும் பூசை ஒப்புக்கொடுக்கும்படி அதே சட்டம் குருக்களைக் கேட்டுக்கொள்கிறது.