ஏரிக்கரை அதிகாரிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ராஜுகர், அமாத்தியர், குமாராமாத்தியர் என்று பழங்கால அரசு அதிகாரிகளின் பதவிப் பெயர்களை மனப்பாடம் செய்து அலுத்துவிட்டது. வம்சம் மாறும்போது பதவிப் பெயர் மாறியதே தவிர, வேலை ஒன்றுதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியலை மூடிவைத்துவிட்டு ஒரு பாறையைப் பாருங்கள். குஜராத்தில் ஜூனாகத்திலிருந்து கிர்நார் மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது. மௌரியப் பேரரசர் அசோகர், சக வம்ச மன்னர் ருத்ரதாமன், குப்தப் பேரரசர் ஸ்கந்தகுப்தர் மூவரின் கல்வெட்டுகளும் அதில் உண்டு.

அசோகர், ராஜுகர், யுக்தர் என்ற அதிகாரிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுற்றுப்பயணம் போக வேண்டும் என்று உத்தரவு போடுகிறார். பதவிகள் மட்டும்தான், ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை.

மற்ற இரண்டும் சுதர்சன ஏரியைப் பற்றிப் பேசுகின்றன. சந்திரகுப்த மௌரியரின் ஆளுநர் புஷ்யகுப்தர் வெட்டுவித்த ஏரி அது. பொ.ஆ. 150 வாக்கில் புயல்மழையில் கரை உடைந்தது. உடைப்பு 420 முழ நீளம், அதே அகலம், 75 முழ ஆழம். ஆலோசனை சொல்லும் மதிசசிவர்களும் வேலையை நடத்தும் கர்மசசிவர்களும், ஆகிற காரியமில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். கரை இனி எழாது என்று ஜனங்கள் அலறினார்கள். தன் அமைச்சர்கள் மறுத்ததை ருத்ரதாமன் கல்லிலேயே வெட்டிவைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அப்புறம் சுவிசாகர் என்ற பஹ்லவ (பாரசீகப் பக்கத்து இனம்) அமாத்தியர், அதாவது உயர் அதிகாரி, கட்டி முடித்தார். செலவு அரசரின் கஜானாவிலிருந்து. ஊராரிடம் வரியோ கூலியில்லாத கட்டாய வேலையோ வாங்கவில்லையாம். சுவிசாகருக்குத் தரும் அடைமொழிகளில் ஒன்று, லஞ்சத்துக்கு மசியாதவர். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் மற்றவர்களைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுமார் 300 ஆண்டு கழித்து மறுபடி உடைப்பு. இப்போது ஆளுநர் பர்ணதத்தர். சௌராஷ்டிரத்துக்கு யாரைப் போடலாம் என்று ஸ்கந்தகுப்தர் இரவும் பகலும் யோசித்து நியமித்தவர். அவரோ நகரப் பொறுப்பைத் தன் மகன் சக்ரபாலிதரிடம் கொடுத்துவிட்டார்! 456 வாக்கில் கரையைக் கட்டியது மகன்தான். கல்வெட்டில் அவர் புகழே பல செய்யுள்களுக்கு நீள்கிறது.

ஆக, ஏரி அதேதான், வேலையும் அதேதான். போஸ்டிங் வீட்டுக்குள்ளேயே நடக்க ஆரம்பித்துவிட்டது. இது ஒரு ஊர்க் கதை மட்டுமல்ல. இன்னொரு குப்தப் பேரரசரான சமுத்திரகுப்தரைப் பாடிய அலகாபாத் தூண் கல்வெட்டில், அதை எழுதிய ஹரிஷேணர் தன் பதவிகளை வரிசையாகச் சொல்கிறார்: சந்திவிக்ரஹிகர் (போர், சமாதானம் கவனிப்பவர்), குமாராமாத்தியர் (உயர் அதிகாரி), மகாதண்டநாயகர் (படை அல்லது நீதித் தலைவர்). அவர் அப்பா துருவபூதியும் மகாதண்டநாயகர்தான்.