சளியில் நெகட்டிவ், பிராங்கோஸ்கோப்பி தேவையா?

அப்பாவுக்குச் சளிப் பரிசோதனை 2 முறையும் நெகட்டிவ், ஆனால் சிடி ஸ்கேனில் டிபி சந்தேகம், பிராங்கோஸ்கோப்பி (கேமரா வைத்த மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்ப்பது) அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். சளியே சரியாக வராதவருக்கு அது நியாயமான அடுத்த கட்டம்தான். உப்புநீர் ஆவி பிடிக்க வைத்துச் சளி எடுத்துப் பார்க்க முடியுமா என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிராங்கோஸ்கோப்பி செய்தால், அப்போது நுரையீரலைக் கழுவி எடுக்கும் திரவத்தை சிபிநாட் (டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) இரண்டுக்குமே அனுப்பச் சொல்லுங்கள். சிபிநாட் மெஷினில் ஏற்றினால் சுமார் 2 மணி நேரம், கல்ச்சர் 6 வாரம் வரை இழுக்கும். பயாப்ஸி (சோதனைக்குச் சதைத் துணுக்கு) எடுத்தால் ஒரு துணுக்காவது ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனம்) போடாமல் சலைனில் (உப்புநீர்) போகணும், ஃபார்மலினில் கிருமி செத்துவிடும், அப்புறம் கல்ச்சரில் என்ன வளரும்? இன்னொன்று, பலரும் இதைக் கோட்டைவிடுகிறார்கள்: பிராங்கோஸ்கோப்பி முடிந்தபின் இருமி வரும் சளியையும் சோதிக்கக் கொடுங்கள், சில சமயம் அதில்தான் கிருமி மாட்டும்.