பாட்டி, பேரன், இரண்டு தொப்பிகள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் உயிர்மருத்துவப் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே இருவரின் மூளையையும் ஒருசேரப் பதிவுசெய்யும் ஹைப்பர்ஸ்கேனிங் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பாட்டி கதை சொல்ல, பேரன் கேட்க, இருவருக்கும் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் 32 மின்முனை இஇஜி தொப்பி மாட்டிப் பதிவெடுத்து இறுதியாண்டுத் திட்டமாகச் செய்ய ஆசை. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலேயே எடுத்தால் இயல்பாக இருக்கும் என்று நினைக்கிறேன். சிக்கல் எங்கே வரும்? இருவர் அலைகளும் ஒத்துப்போனால் அதை நம்பலாமா?

கவின்

அன்புள்ள கவின்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: எடுத்த எடுப்பில் நம்பாதீர்கள். இரண்டு தலைகளுக்கும் பொதுவாக எது இருந்தாலும் அது ஒத்திசைவு போலத்தான் தெரியும். 1965-இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரட்டையரில் ஒருவர் கண்ணை மூடினால் வேறு அறையில் இருப்பவருக்கும் ஆல்ஃபா அலை (கண்ணை மூடி ஓய்வாக இருக்கையில் எழும் மூளை அலை) எழுகிறது என்றார்கள். 15 ஜோடிகளில் இரண்டில்தான் அப்படி. புள்ளியியல் சோதனையும் கிடையாது. 2002-இல் அமெரிக்க ஆய்வாளர் மான்டேக்கின் குழு, மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் இரண்டு எஃப்எம்ஆர்ஐ கருவிகளை இணையத்தால் இணைத்து இத்துறைக்குப் பெயர் வைத்தது. கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, அந்தப் பழைய ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் சிக்கல் கடிகாரம். மின்முனைச் சமிக்ஞையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டுக்கும் தனித்தனி கடிகாரம். இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகிவிடும். 10 ஹெர்ட்ஸ் ஆல்ஃபாவின் ஒரு சுற்றே 100 மில்லிவிநாடிதான், ஆகவே அலைகள் எந்தக் கட்டத்தில் (ஃபேஸ்) இருக்கின்றன என்ற கணக்கு மொத்தமும் பாழ். நேரத்தைக் குறிக்கும் துடிப்பை அனுப்பும் ஒரே ட்ரிகர் கம்பியை இரண்டாகப் பிரித்து இரு கருவிகளுக்கும் கொடுங்கள். தொடக்கத்தில் மட்டும் கொடுத்தால் போதாது, பத்து விநாடிக்கு ஒன்று என்று கடைசிவரை அனுப்புங்கள். புளூடூத் தொப்பி என்றால் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள் கணினிகளின் நேர வித்தியாசத்தைச் சரிசெய்யும். ஆனால் தொப்பிக்குள்ளேயே ஏற்படும் தாமதம் அதற்குத் தெரியாது. ஆள் உட்காரும் முன் ஒரே சோதனைத் துடிப்பை இரண்டு கருவிகளிலும் செலுத்தி, திட்டமிட்ட பதிவு எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரமும் ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரே பெரிய ஆம்ப்ளிஃபையரில் இருவரையும் மாட்டுவதானால் கடிகாரத் தொல்லை இல்லை. அங்கே வேறொன்று காத்திருக்கிறது: மற்ற மின்முனைகளை ஒப்பிட்டு அளக்க உதவும் கிரவுண்ட், ரெஃபரன்ஸ் மின்முனைகள் ஆளுக்குத் தனியாக இருக்க வேண்டும். பொதுவாக வைத்தால் பாட்டியின் கண்சிமிட்டல் பேரனின் பதிவிலும் வந்து நிற்கும்.

அடுத்தது தலைமுடி. தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் ஜெல் பிடிக்காது. முதல்நாள் இரவு ஷாம்பூ போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லுங்கள். கொண்டை, பூ, கிளிப் எதுவும் வேண்டாம், முடி தொப்பிக்குக் கீழே பின்னலாக இறங்கட்டும். சாதாரண ஜெல் மின்முனைக்கு மின்தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே வரவேண்டும். ஒரு தலைக்கு அரைமணி நேரம் ஆகலாம், அதுவரை பிள்ளை பொறுக்காது. பாட்டிக்கு முதலில் தொடங்கி, பிள்ளைக்கு இன்னொருவர் கைகொடுக்கட்டும். ஜெல்லை அள்ளிப் பூசினால் பக்கத்து மின்முனைகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே சமிக்ஞையைத்தான் தரும்.

வீட்டில் எடுக்கலாம், ஏர்கான் அறையில் மட்டும். வியர்த்தால் பதிவின் அடிமட்டக் கோடு அரை ஹெர்ட்ஸுக்குக் கீழான வேகத்தில் மெதுவாக ஏறி இறங்கும், ஜெல்லும் பரவும். காற்றாடி வைத்தாலோ கம்பிகள் ஆடும். கருவி பேட்டரியில் ஓடட்டும், 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறையும்.

இனிமேல்தான் உண்மையான கஷ்டம். கதை சொல்பவரின் தாடை அசையும். தசைச் சமிக்ஞை 20 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் என்று நினைத்து அதை வடிகட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் தாடை அசையும் வேகம் பேச்சில் வரும் அசைகளின் (சிலபிள்) வேகம், விநாடிக்கு நாலைந்து. கேட்பவரின் மூளையும் அதே அசைத்தாளத்தைத்தான் அதே வேகம் கொண்ட தீட்டா அலைவரிசையில் பின்தொடர்கிறது. பாட்டியின் தாடையும் பேரனின் செவிப்புறணியும் (ஒலியைக் கையாளும் மூளைப்பகுதி) ஒத்துப்போவதை ‘இரு மூளைகளின் ஒத்திசைவு’ என்று எழுதிவிட வாய்ப்பு மிக அதிகம். தாடையில் தனியாக இரண்டு மின்முனை ஒட்டுங்கள், சட்டையில் மைக் வையுங்கள், அந்த இரண்டையும் கணக்கிலிருந்து கழியுங்கள். (வெற்றிலை போடும் பாட்டியாக இருந்தால் அன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.)

இந்தப் பாட்டியை வேறொரு வீட்டுப் பேரனோடு கணினியில் ஜோடி சேர்த்து ஒப்பிடுவது வழக்கம். இங்கே அது போதாது. வேறு ஜோடி என்றால் கேட்ட ஒலியும் வேறு, ஆகவே ஒலியால் வந்த ஒத்திசைவும் சேர்ந்தே மறைந்துவிடும், எது எதனால் என்று பிரிக்க முடியாது. அதே பாட்டியின் பதிவுசெய்த குரலை இன்னொரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒலி அதேதான், உறவாடல் மட்டும் இல்லை. நேரில் கேட்டபோது கூடுதலாக ஏதாவது மிஞ்சினால் அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. 2017-இல் ஆய்வாளர் விக்டோரியா லியோங்கின் குழு கைக்குழந்தைகளிடம் செய்தது இதற்கு நல்ல பாடம்: பாடுபவர் குழந்தையை நேராகப் பார்த்தாரா, பார்வையை விலக்கினாரா என்பதை மட்டும் மாற்றினார்கள். நேராகப் பார்த்தபோது இருவர் மூளை அலைகளின் பிணைப்பு கூடியது.

கணக்கில் ஒரு எச்சரிக்கை. 32 மின்முனைக்கு 32 என்றால் 1,024 இணைகள். நான்கு அலைவரிசை பார்த்தால் 4,096 சோதனை. ஐந்து சதவீத வரம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சுமார் 205 ‘ஒத்திசைவு’ கிடைக்கும். எந்த இரண்டு மூன்று இடங்கள், எந்த அலைவரிசை என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதி வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். ஒத்திசைவை அளக்க, இரு அலைகளின் கட்ட வித்தியாசம் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டப்பூட்டு மதிப்புக்குப் பதில், இருவர் கட்டங்களும் சேர்ந்தே மாறுகின்றனவா என்று பார்க்கும் வட்ட ஒட்டுறவு எடுங்கள். தற்செயலாக உருவாகும் பூட்டுக்கு அது குறைவாகவே ஏமாறும் என்பதை ஆய்வாளர் பர்கெஸ் 2013-இல் காட்டியிருக்கிறார்.

இஇஜியே வேண்டுமா என்றும் யோசியுங்கள். அகச்சிவப்புக்கு அண்மை ஒளியால் மூளையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் எஃப்நிர்ஸ் அசைவைக் கூடுதலாகத் தாங்கும். நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் தாயும் பிள்ளையும் சேர்ந்து படம் பார்க்கையில் இதை வைத்துத்தான் மூளையின் நெற்றிப் பகுதியைப் பதிவெடுத்தார்கள். வளர்ப்பு அழுத்தம் கூடிய தாய்மாரிடம் ஒத்திசைவு குறைந்திருந்தது. ஒளிமூலத்துக்கும் உணரிக்கும் 3 செ.மீ. இடைவெளி, நெற்றியில் ஒட்டுவதால் முடித்தொல்லை இல்லை. பொட்டும் திருநீறும் துடைத்துவிட வேண்டும். ஆனால் ரத்த ஓட்டம் மெதுவானது, உச்சத்துக்கு ஐந்தாறு விநாடி எடுக்கும். 0.1 ஹெர்ட்ஸ் ரத்த அழுத்த அலையும் மூச்சும் இருவரிடமும் உண்டு, அவையும் ஒத்திசைவு போலத் தெரியும். அவற்றைக் கழிக்க 8 மி.மீ. குறுந்தூர உணரிகள் (தோலின் ரத்த ஓட்டத்தை மட்டும் அளப்பவை) இல்லாவிட்டால் எடுக்காதீர்கள்.

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பேரன் சிறுவன், பெற்றோர் ஒப்புதல் வேண்டும், பிள்ளையும் சம்மதிக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தைப் பாட்டி படிக்கும் தமிழில் எழுதுங்கள். விண்ணப்பத்தை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள், பதில் வரும் இடைவெளியில் கடிகாரச் சோதனையை முடிக்கலாம், அதற்கு ஆள் தேவையில்லை.